விடை வந்தது, படிப்பு வந்ததா?

(தில்லியில் நம் சங்கத்தின் சார்பில் ஞாயிறு மாலை நடந்த குடும்பக் கூட்டத்தில், சங்கப் படிப்பகத்தில் பாடம் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆற்றிய உரை. தோழர்கள் பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடுகிறோம். - ஆசிரியர் குழு)

தலைவர் அவர்களே, சங்க நிர்வாகிகளே, ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாளிலும் ஓய்வெடுக்காமல் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

இன்று நான் பேச வந்திருப்பது அந்தப் பின்வரிசைப் போனைப் பற்றித்தான். பயப்பட வேண்டாம். போனைப் பிடுங்கி வைக்கச் சொல்வதற்காக நான் வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் நம் படிப்பகத்துக்கு ஒரு தாய் வந்தார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர். மகன் 9ஆம் வகுப்பு. கணக்கு நோட்டை என் முன்னால் வைத்தார். “சார், நீங்களே பாருங்க. வீட்டுப்பாடத்துல ஒரு கணக்குகூடத் தப்பில்ல. பரீட்சையில மட்டும் பதினொண்ணு போட்டிருக்காங்க. நாம மதராசிங்கறதால வேணும்னே குறைச்சுட்டாங்களா?” என்று கேட்டார்.

நான் நோட்டைப் புரட்டினேன். அந்தத் தாய் சொன்னது உண்மை. எல்லாக் கணக்கும் சரி. படி படியாக, அழகாக எழுதப்பட்டிருந்தன. பையனைக் கூப்பிட்டு, அதே நோட்டின் முதல் கணக்கை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அவனால் தொடங்கவே முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. “எனக்குத் தெரியும் சார், நேத்துக்கூடப் போட்டேன் சார்” என்றான். போட்டது அவனல்ல. போனில் இருக்கும் சாட்பாட் போட்டது. அவன் கை அதைப் பார்த்து எழுதியது.

தோழர்களே, அந்தப் பையன் சோம்பேறி அல்லன். பொய் சொல்பவனும் அல்லன். இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து எழுதியிருக்கிறான். தான் படித்துவிட்டதாகவே அவன் உண்மையாக நம்பியிருந்தான். அவன் தாயும் நம்பினார். அந்த நம்பிக்கைதான் என்னைக் கலங்க வைத்தது. இது ஒரு வீட்டுக் கதைதானா, உலகம் முழுதும் இப்படித்தானா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

துருக்கியில் நடந்த சோதனை

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், துருக்கி நாட்டின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹம்சா பஸ்தானியும் அவருடைய குழுவினரும். 9, 10, 11ஆம் வகுப்புகளில் ஏறக்குறைய 1,000 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். பாடம் கணக்கு. முதலில் ஆசிரியர் பலகையில் பாடம் நடத்துவார். பிறகு மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளைப் போடுவார்கள். கடைசியில் புத்தகமும் கணினியும் மூடிய நிலையில் ஒரு தேர்வு.

மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குப் பயிற்சியின்போது புத்தகமும் குறிப்பேடும் மட்டும். இரண்டாம் பிரிவுக்கு, நம் பிள்ளைகள் போனில் வைத்திருப்பது போன்ற சாதாரணச் சாட்பாட். மூன்றாம் பிரிவுக்கும் அதே சாட்பாட்தான். ஆனால் விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு என்று அதற்குக் கடிவாளம் போட்டிருந்தார்கள். எந்தக் கணக்கில் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று ஆசிரியர்கள் தம் அனுபவத்திலிருந்து எழுதிக்கொடுத்ததும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.

பயிற்சி நேரத்தில் என்ன நடந்தது? சாதாரணச் சாட்பாட் வைத்திருந்தவர்கள், புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட 48 சதவீதம் அதிகம் மதிப்பெண் எடுத்தார்கள். கடிவாளம் போட்ட சாட்பாட் வைத்திருந்தவர்கள் 127 சதவீதம் அதிகம் எடுத்தார்கள். இதோடு நிறுத்திக்கொண்டால் ஆகா, அற்புதம் என்று கைதட்டலாம். கம்பெனிகளின் விளம்பரம் இந்த இடத்தோடு நின்றுவிடும்.

ஆனால் தேர்வு வந்தது. எந்திரம் கையில் இல்லை. அப்போது சாதாரணச் சாட்பாட் வைத்துப் பழகியவர்கள், எந்திரத்தையே பார்க்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். புத்தகத்தோடு மல்லாடியவன் 100 எடுத்த இடத்தில் இவன் 83 எடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்திரம் உதவாமல் போனது மட்டுமல்ல, கெடுத்தும் விட்டது. ஏன்? அந்தப் பிள்ளைகள் எந்திரத்திடம் பெரும்பாலும் கேட்டது ஒரே கேள்விதான்: “விடை என்ன?” அது கொடுத்த விடையும் ஏறக்குறைய பாதிக் கணக்குகளில்தான் சரி!

இதில் என் மனத்தைத் தைத்த செய்தி இன்னொன்று உண்டு. தேர்வு முடிந்த பிறகு மாணவர்களிடம் கேட்டார்கள். குறைவாகக் கற்றிருந்த அந்தப் பிள்ளைகள், தாங்கள் குறைவாகக் கற்றதாக உணரவேயில்லை. படிப்பகத்தில் கண்ணீர் விட்ட நம் பையன் நினைவுக்கு வருகிறானா? தில்லிப் பையனும் துருக்கிப் பையனும் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்.

கடிவாளம் போட்ட சாட்பாட் பிரிவு என்ன ஆயிற்று? தேர்வில் அவர்கள் பின்தங்கவில்லை. புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்களுக்குச் சமமாக வந்தார்கள். அதாவது கெடுதல் நீங்கியது. பெரிய லாபமும் கிடைத்துவிடவில்லை. இந்த ஆய்வு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 2025இல் வெளிவந்திருக்கிறது.

இது என்ன எந்திரம்?

சாட்பாட் என்பது மந்திரமல்ல. கோடிக்கணக்கான பக்கங்களில் மனிதர்கள் எழுதிவைத்ததைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துப் பேசும் எந்திரம் அது. அதனால்தான் சரியானதைச் சொல்லும்போதும் தவறானதைச் சொல்லும்போதும் அதன் குரல் ஒரே மாதிரி உறுதியாக இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர் தெரியாததைத் தெரியாது என்பார். இது பல நேரம் சொல்லாது.

பேசும் எந்திரம் என்பது புதிய ஆசையும் அல்ல. 1966இல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலிசா என்ற ஒன்றைச் செய்தார். இன்றைய எந்திரத்தோடு ஒப்பிட்டால் அது வெறும் பொம்மை. நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். ஆனாலும் மனிதர்கள் அதனிடம் மனத்தைத் திறந்து பேசத் தொடங்கினார்கள். அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். அதிர்ந்துபோன வைசன்பாம், எந்தெந்த வேலைகளைக் கணினியிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 1976இல் ஒரு புத்தகமே எழுதினார். அவரும் நம்மைப்போல் ஊர்விட்டு வந்தவர்தான். யூதக் குடும்பம்; இட்லரின் ஜெர்மனியிலிருந்து 1936இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்கள். எந்திரத்தைச் செய்தவரே எந்திரத்தை எச்சரித்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

தோழர்களே, ஒருபக்கம் மட்டும் சொன்னால் நானும் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். நல்ல பலன் கிடைத்த சோதனைகளும் உண்டு.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2023இல் 194 மாணவர்களை வைத்து இயற்பியல் பாடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். சாட்பாட் ஆசிரியரிடம் படித்தவர்கள், வகுப்பில் படித்தவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கற்றார்கள். எடுத்துக்கொண்ட நேரமும் குறைவு. ஆனால் அந்தச் சாட்பாட்டைப் பேராசிரியர்களே உட்கார்ந்து அமைத்தார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் சரியான வழிமுறையை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு படிதான் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். படித்தவர்களோ ஹார்வர்டுக்குள் நுழைந்த மாணவர்கள்!

ஆப்பிரிக்காவில் கானா நாட்டைப் பாருங்கள். அங்கே ரோரி என்ற கணக்குச் சாட்பாட் சாதாரணப் போனில் வாட்ஸ்அப் வழியாகவே ஓடுகிறது. 3ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை ஏறக்குறைய 1,000 பிள்ளைகளை எட்டு மாதம் கவனித்தார்கள். வாரத்துக்கு இரண்டு அரைமணி நேரம் பள்ளியிலேயே பயிற்சி. வழக்கமான கணக்கு வகுப்பு நிறுத்தப்படவில்லை. இந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள்.

நைஜீரியாவின் பெனின் நகரில் 2024இல் உலக வங்கியின் ஆதரவில் ஆறு வாரம் மாலை வகுப்பு நடந்தது. சாட்பாட்டின் துணையோடு ஆங்கிலம். அறையில் ஆசிரியர் இருந்து வழிகாட்டினார். நல்ல முன்னேற்றம், பின்தங்கியிருந்த பெண்பிள்ளைகள் இன்னும் கூடுதலாக முன்னேறினார்கள். ஆனால் ஒன்றை நாம் கேட்க வேண்டும். ஒப்பிடப்பட்ட மற்றப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பே கிடையாது. அப்படியானால் முன்னேற்றம் எந்திரத்தால் வந்ததா, ஆசிரியரோடு கூடுதலாகக் கிடைத்த நேரத்தால் வந்ததா? இரண்டும் கலந்தே வந்திருக்கும். எந்திரத்துக்கு மட்டும் மாலை போட முடியாது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2024இல் வேறொரு வழியைக் கண்டார்கள். அங்கே 900 பயிற்சி ஆசிரியர்கள் 1,800 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்திரத்தை மாணவனிடம் கொடுக்காமல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். பிள்ளை தவறு செய்யும்போது, என்ன கேள்வி கேட்டால் அவனே சரிசெய்துகொள்வான் என்று எந்திரம் ஆசிரியருக்கு யோசனை சொல்லும். பாடத்தில் தேறிய மாணவர்கள் 100க்கு 4 பேர் கூடினார்கள். தர மதிப்பீட்டில் பின்தங்கியிருந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களில் 100க்கு 9 பேர் கூடினார்கள். ஓர் ஆசிரியருக்கு ஆன செலவு ஆண்டுக்கு 20 டாலர்தான்.

பத்திரிகைகளில் நீங்கள் படித்திருக்கக்கூடிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாட்ஜிபிடி மூளையை அழிக்கிறது என்று 2025இல் தலைப்புகள் வந்தன. அமெரிக்காவின் எம்ஐடியில் 54 பேரை வைத்துச் செய்த சோதனை அது. கட்டுரை எழுதும்போது மூளையின் மின்அசைவை அளந்தார்கள். எந்திரத்தைக் கொண்டு எழுதியவர்களிடம் அது குறைவாக இருந்தது. தாங்கள் அப்போதுதான் எழுதி முடித்த கட்டுரையிலிருந்து ஒரு வரியைக்கூட அந்தப் பிரிவின் 18 பேரில் 15 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கவனிக்க வேண்டிய செய்திதான். ஆனால் 54 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மற்ற அறிஞர்களின் பரிசீலனைக்கு முன்பே வெளியிடப்பட்டது. மூளை அழிகிறது என்று ஆய்வு செய்தவர்களே சொல்லவில்லை. பத்திரிகை மிரட்டுவதற்கும் நாம் மிரளக் கூடாது. விளம்பரம் மயக்குவதற்கும் மயங்கக் கூடாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது என்ன? விடையை நேராக ஊட்டிய இடத்தில் எந்திரம் கெடுத்தது. ஆசிரியரின் அறிவை உள்ளே வைத்து, ஆசிரியரின் கண்பார்வையில், பிள்ளையை யோசிக்க வைத்த இடத்தில் உதவியது. எந்திரத்தின் நன்மை எந்திரத்திலிருந்து வரவில்லை. அதன் பின்னால் நின்ற ஆசிரியரிடமிருந்து வந்தது.

நம் தில்லியிலேயே ஒரு பாடம்

வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். நம் தில்லியிலேயே ஒன்று நடந்தது. 2015இல் தில்லியின் ஏழைப் பகுதிகளில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிப் பாடத்தை வைத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் ஆகிய மூன்று அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அது பேசும் சாட்பாட் அல்ல. ஆனால் எந்திரம் ஏழைப் பிள்ளைக்கு உதவுமா என்ற கேள்வி ஒன்றுதான்.

முதலில் அவர்கள் கண்டது வேதனையானது. 6ஆம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பில் ஆசிரியர் 6ஆம் வகுப்புப் பாடம் நடத்துகிறார். பிள்ளை 3ஆம் வகுப்பில் நிற்கிறது. கணினி என்ன செய்தது? பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆனால் அங்கே பிள்ளைகள் பாதி நேரம்தான் கணினியோடு இருந்தார்கள். மீதிப் பாதி நேரம் சிறு குழுவாக ஒரு மனிதரிடம் பாடம் கேட்டார்கள்.

பாதி எந்திரம், பாதி மனிதர். இந்தப் பாதிக்கணக்கை யாரும் நமக்கு மறைத்துவிடக் கூடாது.

யாருக்கு ஆசிரியர், யாருக்கு எந்திரம்?

இங்கேதான் தோழர்களே, அரசியல் வருகிறது.

2020, 2021ஆம் ஆண்டுகளை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிகள் மூடிக்கிடந்தன. போனில் பாடம் என்றார்கள். ஒரு வீட்டில் ஒரு போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கு அப்பா வரும் வரை காத்திருந்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கணினி, வீட்டுக்கே வரும் டியூஷன் வாத்தியார். அந்த இரண்டு ஆண்டு இடைவெளி இன்னும் நம் பிள்ளைகளின் நோட்டில் தெரிகிறது.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதும் நமக்குத் தெரியும். ஏறக்குறைய 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் வீடு என்று பட்டியல் வந்தது. பட்டியலில் பெயர் வந்தவரின் பிள்ளைக்கும் பழைய பள்ளி நகரத்தின் மறுமூலைக்குப் போய்விட்டது. தமிழ் சொல்லித்தரும் ஆசிரியரை விட்டுப் பிள்ளை பிரிந்தது. நாளைக்கே ஒருவர் வந்து, “பள்ளி தூரமானால் என்ன, கையில் போன் இருக்கிறதே, அது தமிழிலும் பேசுகிறதே” என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும் நாளுக்கு நாம் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். பணக்காரப் பிள்ளைக்கு ஆசிரியரும் எந்திரமும், ஏழைப் பிள்ளைக்கு ஆசிரியருக்குப் பதிலாக எந்திரம் என்ற நிலை வந்தால், அதை முன்னேற்றம் என்று நம்மால் ஏற்க முடியாது.

தமிழிலும் பேசுகிறதே என்கிறார்கள். பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது படித்துத் தேர்ந்தது பெரும்பாலும் ஆங்கிலப் பக்கங்களை. தமிழில் அதற்குக் கிடைத்த தீனி குறைவு. எழுத்துகளைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் அது படிக்கிறது. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் துண்டுகள் பல மடங்கு ஆவதும் உண்டு. துண்டுகள் கூடினால் செலவு கூடும். தமிழில் பிழை அதிகம் வருவதை நம் படிப்பகத்தில் நானே பார்க்கிறேன். ஆகவே தமிழில் கேட்ட பதிலை ஒருமுறைக்கு இருமுறை பாடப்புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

2025 நவம்பர் முதல், சாட்ஜிபிடியின் கட்டணச் சேவை ஒன்றை இந்தியாவில் ஓராண்டுக்கு இலவசமாகத் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஏன் இலவசம்? நம் தாத்தா காலத்தில் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக வந்து இலவசமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். நாக்குப் பழகியது. பிறகு காசு கொடுத்து வாங்கினோம். தேநீர் குடித்தால் நாக்குத்தான் பழகும். இங்கே பழகுவது பிள்ளையின் யோசனை. இலவசம் என்பதற்காக எதையும் மறுக்க வேண்டாம். ஆனால் விலை எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குவோம்.

இன்னோர் அநீதியையும் சொல்ல வேண்டும். மாணவன் எழுதியதா, எந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கவும் கருவிகள் வந்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் அப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தம் கையாலேயே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை எந்திரம் எழுதியது என்று அந்தக் கருவிகள் தவறாகக் குற்றம் சாட்டின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளோ பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில், தெரிந்த சில சொற்களை வைத்து நேர்மையாக எழுதும் பிள்ளை திருடனாக்கப்படுகிறது. அந்தப் பிள்ளை யார்? நம் பிள்ளைதான்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

“சார், எங்களுக்கு எழுதப் படிக்கவே வராது. இந்தியும் அரைகுறை. நாங்கள் எப்படிக் கண்காணிப்பது?” என்று தாய்மார்கள் கேட்பீர்கள். உங்களால் முடியும். உங்களால்தான் முடியும். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது, பிள்ளை முதலில் தாளில் தானாகப் போட்டுப் பார்க்கட்டும். தவறாகப் போடட்டும். அடித்தல் திருத்தல் இருக்கும் நோட்டைப் பார்த்துக் கோபிக்காதீர்கள். அடித்தல் திருத்தலே இல்லாத நோட்டைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, சிக்கிக்கொண்டால் எந்திரத்திடம் கேட்கட்டும். ஆனால் கேட்கும் விதம் இப்படி இருக்கட்டும்: “விடையைச் சொல்லாதே. நான் எந்தப் படியில் தவறினேன் என்று மட்டும் காட்டு. அடுத்த படிக்கு என்னிடம் ஒரு கேள்வி கேள்.” துருக்கியில் போட்ட கடிவாளத்தின் சிறிய வடிவம் இது. மாணவச் செல்வங்களே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எந்திரத்திடம் வீட்டு விஷயம், ஆதார் எண், போட்டோ எதையும் கொடுக்கக் கூடாது. சிறு பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. வகுப்பறையில் இந்த எந்திரங்களைப் பயன்படுத்த 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023இல் யோசனை சொல்லியிருக்கிறது.

நான்காவதுதான் மிக முக்கியம். படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இன்னைக்கு என்ன படிச்சே? எனக்குச் சொல்லிக்கொடு” என்று கேளுங்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை திக்காமல், ஏன் அப்படி வருகிறது என்று சொல்கிறதா என்பது பெற்ற தாய்க்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விழித்தால், அது படிப்பல்ல, படியெடுத்தது. ஹார்வர்டில் இருக்கிறவர்களுக்கும் இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. இதற்கு நெட் பேக்கும் வேண்டாம்.

இந்த நான்காவது வழியில் இன்னொரு பயனும் உண்டு. பள்ளியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கற்றதை வீட்டில் தமிழில் சொல்லும்போது பிள்ளைக்குப் பாடமும் தெளிவாகும், தாய்மொழியும் தங்கும்.

சங்கம் கேட்க வேண்டியது

வீட்டில் நாம் செய்வது பாதிதான். மற்றப் பாதியை அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். 2026-27 கல்வியாண்டிலிருந்து 3ஆம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. பாடம் வரட்டும். அதோடு நம் கோரிக்கைகளும் போகட்டும்.

ஆசிரியர் காலியிடங்களை நிரப்பு. எந்திரத்தைக் காட்டி ஆசிரியரைக் குறைக்காதே. எந்திரம் பள்ளிக்குள் வருமானால் ஆசிரியரின் கையில் வரட்டும்; அவருக்கு முதலில் பயிற்சி கொடு. நம் நாட்டுப் பள்ளியில், நம் பிள்ளைகளிடம் சோதித்துப் பலனை வெளியிட்ட பிறகே எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோ. அந்தச் சோதனையில் எந்திரம் இல்லாத தேர்வும் இருக்கட்டும். கண்டுபிடிக்கும் கருவி சொன்னது என்பதற்காக மட்டும் எந்தப் பிள்ளையையும் தண்டிக்காதே. வீடு மாற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பள்ளிக்குப் போக வண்டியும் கொடு. போனைக் காட்டித் தட்டிக்கழிக்காதே.

இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, அந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். “அம்மா, பதினொண்ணு சரியான மார்க்குதான். யாரும் குறைக்கல” என்றேன். அவர் முகம் வாடியது. “ஆனா இந்தப் பதினொண்ணு உங்க புள்ளையோடது. நோட்டுல இருக்கற நூறு அவனோடது இல்ல. பதினொண்ணுலேருந்து ஆரம்பிப்போம்” என்றேன். அவன் இப்போது வாரம் மூன்று நாள் படிப்பகத்துக்கு வருகிறான். போனும் கொண்டுவருகிறான். குறிப்பு மட்டும் கேட்கிறான். நோட்டில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் முப்பத்தாறு. வாணவேடிக்கை விடும் மார்க் அல்ல. ஆனால் அத்தனையும் அவனுடையது.

பிழைப்புக்காக ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்கு இந்த நகரத்தில் நிலமில்லை. பலருக்கு நாளைக்கு நிற்கும் வீடு இதுதான் என்ற உறுதிகூட இல்லை. எந்த புல்டோசராலும் இடிக்க முடியாத ஒன்றே ஒன்றைத்தான் நம் பிள்ளைகளுக்கு விட்டுப்போக முடியும். அது அவர்கள் தலைக்குள் இருப்பது. அது கடன் வாங்கியதாக இல்லாமல் சொந்தமானதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.